செய்தியும் கூலிதான்

முல்லைப் பெரியாறு அணையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போக நெல்லுக்குத் தண்ணீர் திறக்கும்போது அரசு வெளியிடும் அறிவிப்பை நிதானமாக வாசித்துப் பார்க்கலாம். மொத்தப் பரப்பு 14,707 ஏக்கர். அதில் உத்தமபாளையம் வட்டத்துக்கு 11,807, தேனி வட்டத்துக்கு 2,412, போடி வட்டத்துக்கு 488. திறக்கும் நாள், அநேகமாக ஜூன் முதல் தேதி. பாசனத்துக்கு வினாடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி. காலம் 120 நாள். கடைசியில் ஒரு வரி: நீர் இருப்பையும் வரத்தையும் பொறுத்து. இந்த வரியின் நேர்மையை நாம் கவனிப்பதே இல்லை. மழை பொய்க்கலாம், கேரளத்தோடு தகராறு முளைக்கலாம், கணக்கு மாறலாம். ஆனாலும் தெரிந்ததைத் தேதியோடும் அளவோடும் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, முடிவெடுப்பவரே கையெழுத்திட்டு வெளியிடும் செய்தி அது. அதை நம்பித்தான் நாற்றங்கால் பாவுகிறார்கள், கடன் வாங்குகிறார்கள், உழவுக்கு டிராக்டர் சொல்லி வைக்கிறார்கள். இதே பள்ளத்தாக்கில் விடியும் முன்பே இன்னொரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம், போடி ஊர்களிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் கூலியாட்கள், பெரும்பாலும் பெண்கள். இவர்களுக்கு எந்த அறிவிப்பும் வருவதில்லை. காய் எடுப்பு எத்தனை சுற்று, கூலி என்ன, எந்த மாதத்தோடு வேலை ஓயும் என்று எவரும் எழுதித் தருவதில்லை. முந்தின நாள் இருட்டிய பிறகு ஒரு போன் வரும்: “நாளைக்கு வண்டி இல்லக்கா.” அவ்வளவுதான்.

நிலம் உள்ளவருக்கு வருகிற செய்தியும் நிலம் இல்லாதவருக்கு வருகிற செய்தியும் இவ்வளவு வேறுபடுவதைப் பண்பாட்டுக் குறை என்றோ முதலாளிகளின் மனப்பாங்கு என்றோ சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். மேலாண்மைப் பாடநூல்கள் இதையே ‘தகவல் தொடர்புத் திறன்’ என்ற தலைப்பில் வைத்து, மாற்றக் காலத்தில் ஊழியர்களிடம் கனிவாகப் பேசுங்கள், திறந்த மனதோடு பேசுங்கள் என்று புத்தி சொல்கின்றன. கனிவு வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் கனிவை விடக் கறாரான ஒன்று இதில் இருக்கிறது. வேலை மாறப் போகிறது, குறையப் போகிறது, நிற்கப் போகிறது என்ற செய்திக்குப் பண மதிப்பு உண்டு. மூன்று மாதம் முன்னால் தெரிந்தால் ஒரு குடும்பம் நகையை அடகு வைக்காமல் தவிர்க்கலாம், பிள்ளையை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்று தீர்மானிக்கலாம், திராட்சைத் தோட்டத்துக் கவாத்து வேலைக்கோ நூற்பாலைக்கோ முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். மூன்று நாள் முன்னால் தெரிந்தால் இதில் ஒன்றும் முடியாது. அந்த இடைவெளியின் செலவு யாராவது ஒருவர் தலையில் விழத்தான் செய்யும். செய்தியை வைத்துக்கொண்டிருந்தவர் தலையில் அது விழுவதில்லை. ஆகவே காலத்தோடு சொல்லப்படும் செய்தியைக் கூலியின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும் என்பது என் வாதம். அதைத் தராமல் விடுவதைக் கூலிப் பாக்கியாகத்தான் கணக்கில் எழுத வேண்டும்.

இந்த மலைகளில் செய்தி எந்த வழியாக நடமாடியது என்பதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. மூணாறின் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணிக்குக் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போய்க் கப்பலேறியது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. தேயிலை இறங்கிய திசைக்கு எதிர்த்திசையில் ஆட்கள் ஏறினார்கள். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து அவர்களைக் கூட்டிப் போனவர் கங்காணி. முன்பணம் கொடுத்தவர் அவர், ஆள் கணக்குக்குக் கமிஷன் வாங்கியவர் அவர், துரை சொன்னதை லயத்துக்கும் லயத்தில் முணுமுணுத்ததைத் துரைக்கும் கொண்டுபோனவரும் அவரே. கங்காணியின் அதிகாரம் பிரம்பில் இருந்ததை விட இந்த இடைநிலையில்தான் அதிகம் இருந்தது. மேலே என்ன முடிவானது என்று கீழே இருப்பவருக்குத் தெரியாத வரைதான் அவருக்கு மதிப்பு. கங்காணி முறை சட்டப்படி ஒழிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆனாலும் அவர் நின்ற இடம் காலியாக இல்லை. ஜீப் வைத்து ஆள் ஏற்றுபவர், தோட்டத்துச் சூப்பர்வைசர், சங்கத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளர் என்று ஆள் மாறி ஆள் அங்கே நிற்கிறார்கள். இவர்களில் நல்லவர்கள் நிறையப் பேர் உண்டு. தம் சொந்தக் காசில் டீசல் போட்டு ஆட்களை வீடு சேர்த்தவர்களும் உண்டு. இங்கே பேச்சு குணத்தைப் பற்றியது அல்ல. முடிவெடுக்காத ஒருவர் வாயால் முடிவு அறிவிக்கப்படும்போது கேட்பவர் திருப்பிக் கேள்வி கேட்க வழியில்லை. “எனக்கென்ன தெரியும், மேல இருந்து சொன்னாங்க” என்பதே பதில்.

மூணாறில் 2015இல் நடந்ததை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியில் தேயிலை விலை சரிந்தபோது தென்னிந்தியத் தோட்டங்கள் நட்டத்தில் விழுந்தன. டாட்டா டீ நிறுவனம் மூணாறுத் தோட்டங்களை நடத்துவதிலிருந்து விலகி, 2005 ஏப்ரலில் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற புதிய நிறுவனம் பொறுப்பேற்றது. அதில் பெரும்பான்மைப் பங்கு ஊழியர்கள் கையில். 12,000க்கும் மேற்பட்டவர்கள் பங்குதாரர் ஆனார்கள். கொழுந்து கிள்ளும் பெண்ணே கம்பெனியின் உடைமையாளர் என்று உலகமெங்கும் வியந்து எழுதினார்கள். எழுதியதில் தவறும் இல்லை, தோட்டங்கள் மூடப்படாமல் பிழைத்தது உண்மைதான். பத்தாண்டு கழித்து, 2015 செப்டம்பர் தொடக்கத்தில், அதே நிறுவனம் அந்த ஆண்டுக்கான போனஸ் 10 சதவீதம் என்று அறிவித்தது. முந்தைய ஆண்டு 19 சதவீதம். தேயிலை விலை விழுந்தது, இலாபம் குறைந்தது என்பது நிர்வாகம் சொன்ன காரணம். ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், மூணாறு நகருக்குள் இறங்கிச் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை ஒன்பது நாள் மறிபட்டது. சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி. என்று கட்சி வேறுபாடில்லாமல் எல்லாச் சங்கங்களையும் ஒதுக்கி வைத்தார்கள். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் எஸ். ராஜேந்திரனையே திருப்பி அனுப்பினார்கள். அவர்களுக்குப் பெம்பிளை ஒருமை என்ற பெயர் அந்த நாள்களில்தான் நிலைத்தது. முதல்வர் உம்மன் சாண்டி முன்னிலையில் பேசி, செப்டம்பர் 13 அன்று 20 சதவீதத்துக்கு உடன்பாடு ஆனது.

அந்த 20 எப்படி வந்தது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை. 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி 8.33 குறைந்தபட்சம், 20 உச்சவரம்பு. முதலில் அறிவிக்கப்பட்ட 10 சதவீதத்திலும் போனஸ் என்ற தலைப்பில் இருந்தது அதே 8.33தான், மீதி கருணைத் தொகை. ஆக, கணக்குப்படி கிடைப்பது என்று நிர்வாகம் சொன்ன பகுதி ஒரு நூலிழையும் நகரவில்லை. நகர்ந்தது, நிர்வாகத்தின் விருப்பத்தில் இருந்த பகுதி. இதை வைத்து நிர்வாகம் பொய் சொன்னது என்று நான் முடிவு கட்ட மாட்டேன். இலாபம் குறைந்தது உண்மையாகவே இருந்திருக்கலாம். அந்த உண்மையைச் சரிபார்க்கும் வழி பங்குதாரர் என்று பெயர் வைத்திருந்த பெண்களிடம் இல்லை என்பதுதான் கேள்வி. தணிக்கை செய்யப்பட்ட கணக்கைச் சரியானது என்றே கொள்ள வேண்டும் என்று அந்தப் போனஸ் சட்டம் நடுவர் மன்றத்துக்கே சொன்னது. சட்டம் நம்பச் சொல்லலாம், வயிறு நம்பாது. போன வருடத்தை விடக் குறைவாகவா கிள்ளினோம் என்பது அவர்கள் கேட்ட எளிய கேள்வி. கிள்ளியது குறையாமலே விலை விழுந்து இலாபம் குறைய முடியும் என்பதற்கு விடை இருந்தது. அதை விலை விழுந்துகொண்டிருந்த மாதங்களிலேயே மஸ்டர் எடுக்கும் இடத்தில், தமிழில், எண்களோடு சொல்லியிருக்கலாம். பத்தாண்டு அவகாசம் இருந்தது. ஓணத்துக்குப் பின்னால் ஒரு சதவீதமாக வந்து விழும்போது எந்த விளக்கமும் சாக்காகத்தான் கேட்கும்.

சங்கங்கள் எதற்கு இருக்கின்றன, சொல்ல வேண்டியது அவற்றின் வேலையல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூணாறுப் பெண்களின் கோபத்தில் பாதி இந்தக் கேள்விக்கான பதிலாகவே இருந்தது. அங்கே சங்கத் தலைமை ஆண்களுடையது, தோட்டத்துக்குள் வளைந்து வேலை செய்பவர்கள் பெண்கள். நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசுபவருக்குத் தெரிந்தது, கூடை சுமப்பவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லாமல் வைத்திருந்தால், அவர் எந்தக் கொடியைப் பிடித்திருந்தாலும் பழைய கங்காணியின் இடத்தில் நிற்கிறார் என்றே கேட்பவர் கருதுவார். சங்கம் வேண்டாம் என்பதற்கு இது வாதம் ஆகாது. பெம்பிளை ஒருமை பிறகு உட்பூசலில் சிதறியதும், அந்த அக்டோபரில் தேயிலைக்கு 301 ரூபாய், ஏலத்துக்கு 330 ரூபாய் என்று நாள்கூலி தீர்மானமானபோது பழைய சங்கங்களே கையெழுத்திட்டதும் நாம் அறிந்தவை. சங்கம் செய்தியைப் பெற்று வைத்துக்கொள்ளும் இடமாக இருக்கும் வரை அதன் உறுப்பினர்கள் என்றாவது ஒரு நாள் அதைத் தாண்டிப் போவார்கள் என்பது மட்டும்தான் இதில் கிடைக்கும் பாடம்.

சொல்லிவிட்டால் மட்டும் என்ன ஆகிவிடும், குறைந்தது குறைந்ததுதானே என்பது அடுத்த ஆட்சேபம். இதற்கு நம்மிடம் சோதித்துப் பார்த்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வு. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் பத்து வார காலத்துக்கு 15 சதவீதம் சம்பளம் குறைக்கப்பட்டது. ஓர் ஆலையில் நிறுவனத் தலைவரே வந்து, ஒன்றரை மணி நேரம், எந்த ஒப்பந்தம் கைநழுவியது, பணம் எப்படி வற்றியது என்று எண்களைக் காட்டிப் பேசி, கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார். இன்னோர் ஆலையில் கால் மணி நேரக் கூட்டம். குறைக்கிறோம் என்ற தகவல், கிட்டத்தட்ட அவ்வளவே. இரண்டு இடத்திலும் குறைந்தது ஒரே தொகைதான். ஆனால் கால் மணி நேரக் கூட்டம் நடந்த ஆலையில் பொருள்கள் களவு போவது வெகுவாகக் கூடியது, வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் அதிகம். விளக்கம் பெற்ற ஆலையில் களவு கூடியது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. குறைக்கப்படாத மூன்றாவது ஆலையில் மாற்றமே இல்லை.

நிர்வாகவியல் வகுப்புகளில் இந்த ஆய்வை மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதில் ஒரு கசப்பு உண்டு. நன்றாகப் பேசினால் மலிவாகச் சம்பளத்தைக் குறைக்கலாம் என்றும் அதை வாசிக்க முடியும். பலர் அப்படித்தான் வாசித்திருக்கிறார்கள். தொழிலாளியிடம் பேசு என்ற உபதேசத்தின் மேல் இடதுசாரிகளுக்கு உள்ள சந்தேகம் இங்கேதான் வேர் கொள்கிறது: பேச்சு வெறும் மயக்க மருந்து, வலிக்காமல் அறுப்பதற்கான ஏற்பாடு. இந்தச் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் மருந்தா உரிமையா என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. சொல்லப்படும் செய்தி, கேட்பவர் எதையாவது மாற்றிக்கொள்ளக்கூடிய காலத்தில் வருகிறதா, அவர் தாமே சரிபார்க்கக்கூடிய ஓர் எண்ணாவது அதில் இருக்கிறதா, முடிவெடுத்தவரே வந்து நிற்கிறாரா. இந்த மூன்றும் இருந்தால் கேட்பவருக்குப் பேரம் பேசும் பலம் கூடுகிறது. அவர் அதை எதிர்க்கவும் பயன்படுத்தலாம், விலகவும் பயன்படுத்தலாம். மூன்றும் இல்லாமல் குரல் மட்டும் இனிமையாக இருந்தால் சந்தேகப்படுவதே சரி. கிரீன்பெர்கின் தலைவர் இவற்றில் இரண்டை நிறைவேற்றினார். காலம் என்ற முதலாவதைச் செய்தாரா என்பது வேறு விஷயம்.

காலம் என்பது எவ்வளவு பெரிய பொருள் என்பதற்கு மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களை விடத் துல்லியமான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் கிடைக்காது. சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் 8,374 ஏக்கரை 1929 பிப்ரவரியில் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. குத்தகை முடியும் மாதம் 2028 பிப்ரவரி என்பது முதல் நாளே எழுதப்பட்டுவிட்டது. ஓர் ஆலைமூடலுக்கு இத்தனை முன்கூட்டித் தேதி குறிக்கப்படுவது அபூர்வம். இடையில் ஜமீன் ஒழிந்தது, நிலம் அரசுக்கு வந்தது, புலிகள் காப்பகம் வந்தது. 1999 ஜூலை 23இல் கூலி உயர்வு கேட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். வழக்குகள் நடந்தன. கம்பெனிக்குத் தேதி தெரியும், வனத்துறைக்குத் தேதி தெரியும், வழக்கறிஞர்களுக்குத் தெரியும். 2024 கோடையில், பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் பார்த்து, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஜூன் நடுவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், பிறகு வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான்கு தலைமுறையாக மலையில் இருந்து, கீழே ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பங்களுக்குத் தொண்ணூற்றைந்து ஆண்டு ரகசியமில்லாத ஒரு தேதி சில வார அவசரமாக வந்து சேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் முதலில் வெளியேற்றத்தை நிறுத்தி வைத்தது. டிசம்பர் 2024இல் மனுக்களை முடித்துவைத்தது. காடு காடாக வேண்டும் என்ற வாதத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் 2010இலேயே அரசும் கம்பெனியும் ஒன்றாக உட்கார்ந்து, இன்ன ஆண்டில் இன்ன எஸ்டேட் மூடப்படும், இன்ன ஊரில் வீட்டுமனை என்று சொல்லியிருந்தால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வேறு படிப்புப் படித்திருப்பார்கள், ஓய்வு பெற்றவர்கள் கிடைத்த பணத்தில் அம்பாசமுத்திரத்தில் சின்னதாக ஒரு வீடாவது பார்த்திருப்பார்கள். காட்டுக்கு இதனால் ஒரு மரம் கூடக் குறைந்திருக்காது.

முன்கூட்டிச் சொன்னால் ஆள் ஓடிவிடும், கடன் கொடுத்தவர் நெருக்குவார், வாங்குபவர் விலையைக் குறைப்பார், ஆகவே மௌனம் தொழிலின் கட்டாயம் என்பார்கள் முதலாளிகள். இது வெறும் சாக்கு இல்லை, சில தொழில்களில் மெய்யாகவே நடக்கும். ஆனால் மௌனம் காக்கப்படுவதாக அவர்கள் நினைப்பது பிரமை. கூடலூர் டீக்கடையில் தெரியாத தோட்டத்துச் சங்கதி கிடையாது. சரியாகத் தெரிவதில்லை என்பதுதான் வித்தியாசம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறுப் பதற்றத்தின்போது, மலைமேல் இருந்த ஆட்களின் நிலை பற்றிக் கம்பத்தில் பரவிய பேச்சில் எது நடந்தது, எது புனைந்தது என்று பிரிக்க முடியாமல் ஊரே குமுளி நோக்கித் திரண்டதை இப்பகுதியினர் மறக்க மாட்டார்கள். உரியவர் சொல்லாத இடத்தை யாரும் காலியாக விட்டு வைப்பதில்லை. மேலும், முன்னறிவிப்பால் தொழில் அழியும் என்பதைச் சட்டம் எப்போதோ நிராகரித்துவிட்டது. தொழில் தகராறுச் சட்டத்தில் 1956இல் சேர்க்கப்பட்ட 9ஏ பிரிவு, கூலி, வேலை நேரம், விடுப்பு, ஷிப்டு போன்றவற்றைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றுவதானால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. மூடுவதற்கு 60 நாள் அறிவிப்பு, பெரிய ஆலைகளுக்கும் தோட்டங்களுக்கும் அரசின் முன்அனுமதி என்று பின்னால் வந்தன. 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டமோ வேலை விதிகளைப் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியில் வாசல் பக்கத்தில் ஒட்டச் சொன்னது. அமெரிக்காவே 1988இல் 60 நாள் முன்னறிவிப்பைச் சட்டமாக்கிற்று. இவற்றால் மூடிய ஆலை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

தொழிலாளிக்குக் கணக்குப் புரியாது என்ற ஆட்சேபத்தை நீட்டிப் பேச விருப்பமில்லை. மகளிர் குழுவில் வட்டியும் தவணையும் வாய்க்கணக்காகச் சொல்லும் பெண்களைப் பற்றி அப்படிச் சொல்பவர்கள் அவர்களோடு ஒரு தடவை கணக்குப் பார்க்கட்டும்.

உண்மையிலேயே கடினமான ஆட்சேபம் ஏலத்தோட்டக்காரருடையது. எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வது என்கிறார் அவர். ஏலம் மழையின் பயிர், விலையோ பேய்க்கூத்து. 2018 வெள்ளத்தில் தட்டைகள் அழுகின, அடுத்த கோடை காய்ந்தது, 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் புற்றடி ஏல விற்பனையில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது, பிறகு சரிந்தது. 2024 கோடையில் வெயிலில் தோட்டம் தோட்டமாகக் கருகின. இடுக்கியில் ஏலம் பயிரிடுபவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள், அவர்களே கடனில் இருப்பவர்கள். இந்தச் சிரமத்தை முழுக்க ஏற்றுக்கொண்டுதான் பேச வேண்டும். ஆனால் நிச்சயமில்லாததை எப்படிச் சொல்வது என்பதற்கு விடை முல்லைப் பெரியாற்று அறிவிப்பிலேயே இருக்கிறது. நாள் சொல், அளவு சொல், எதைப் பொறுத்து மாறும் என்பதையும் சொல். ஏல வியாபாரத்தின் மறுபக்கத்தில் இது ஏற்கெனவே நடக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் 2007இல் மின்னணு முறைக்கு மாறிய பிறகு போடியிலும் புற்றடியிலும் எந்தக் குவியல் என்ன விலைக்குப் போனது என்பது அன்றைக்கே எல்லா வியாபாரியின் கைபேசியிலும் இருக்கிறது. வெளிப்படையாகச் சொன்னால் வியாபாரம் கெடும் என்று அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. இன்று அந்த முறை இல்லாமல் வியாபாரமே இல்லை. காய்க்கு விலை எந்த நேரத்தில் என்ன என்று தெரிந்துகொள்ள இத்தனை ஏற்பாடு செய்த தொழில், அந்தக் காயை எடுக்கும் பெண்ணுக்கு அடுத்த வாரம் வேலை உண்டா என்று சொல்ல ஓர் ஏற்பாடும் செய்யவில்லை. மழை இதற்குக் காரணம் ஆகாது. வியாபாரிக்குச் சொல்லாவிட்டால் தோட்டக்காரருக்கு நட்டம், கூலியாளுக்குச் சொல்லாவிட்டால் தோட்டக்காரருக்கு ஒரு நட்டமும் இல்லை.

நட்டம் இல்லை என்பதும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டபோது பள்ளத்தாக்கின் ஜீப்புகள் ஒரே இரவில் நின்றன. அதற்கு முன்பே தொடங்கி, இடுக்கித் தோட்டங்களில் ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், அசாம் என்று வட மாநிலத்து ஆட்கள் தங்கி வேலை செய்வது கூடிக்கொண்டே வருகிறது. தினமும் மலையேறி இறங்கும் கம்பத்துப் பெண்களின் வேலை இதனால் எவ்வளவு குறையும் என்பது அவர்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய மாற்றம். அதைப் பற்றி அவர்களிடம் பேசியவர் யார்? தோட்டத்துக்கும் வேலை தெரிந்த கை வேண்டும். பழுத்ததும் காயும் பிரித்துச் செடி முறியாமல் எடுப்பது ஒரு வாரத்தில் வரும் பழக்கம் இல்லை. சொல்லாமல் விட்டு, பிறகு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புவதைத் தோட்டக்காரர்கள் சங்கக் கூட்டங்களில் ஆண்டுதோறும் கேட்கிறோம்.

சட்டம் இந்தப் பக்கம் நகர வேண்டிய காலத்தில் எதிர்ப்பக்கம் நகர்ந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 21 நாள் முன்னறிவிப்பை வைத்துக்கொண்டது, ஆனால் நிலையாணைகளுக்கும் மூடுவதற்கான முன்அனுமதிக்கும் 100 தொழிலாளர் என்று இருந்த வரம்பை 300 ஆக்கிவிட்டது. தேனி, ஆண்டிபட்டிச் சுற்றுவட்டாரத்தில் நூறுக்கு மேல், முந்நூறுக்குக் கீழ் ஆள் வைத்து ஓடும் நூற்பாலைகளில் ஷிப்டு மாற்றமும் ஆள் குறைப்பும் இனி வாசல் பலகைக்கு வர வேண்டிய கட்டாயம் அந்த அளவுக்குத் தளர்கிறது. ஜீப்பில் போகும் ஏலத்தோட்டப் பெண்களோ பழைய சட்டத்திலும் ஏட்டளவில்தான் இருந்தார்கள். வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில், எந்த மாநிலத்துத் தொழிலாளர் அலுவலர் மேசையிலும் முழுசாக உட்காராத மனுக்கள் அவர்களுடையவை.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏலத்தில் முதல் சுற்றுக் காய் எடுப்புக்கு முன்னால், ஆடி பிறக்கும்போதே, தோட்டக்காரர் ஒரு பக்கத் தாளில் தம் கையெழுத்தோடு தரலாம்: இந்தப் பருவம் ஏறக்குறைய இத்தனை சுற்று, நாள்கூலி இவ்வளவு, வண்டி வாடகை யார் பொறுப்பு, வேலை நிற்பதானால் இத்தனை நாள் முன்னால் சொல்வோம், இவையெல்லாம் மழையையும் விலையையும் பொறுத்து மாறலாம். அந்தத் தாளை ஜீப்பில் ஒட்டலாம். போடியிலும் வண்டன்மேட்டிலும் உள்ள விவசாயிகள் சங்கங்கள் நினைத்தால் ஒரு கூட்டத்தில் முடிகிற காரியம். தேனி மாவட்ட நிர்வாகமும் இடுக்கி நிர்வாகமும் தண்ணீருக்காக எத்தனையோ முறை ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கின்றன, இதற்காகவும் ஒருமுறை உட்காரலாம். சங்கங்கள் கூலிப் பேச்சில் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் காட்டும் பிடிவாதத்தில் பாதியை இந்த ஒரு தாளுக்காகக் காட்டட்டும். அடுத்த பேச்சுவார்த்தையின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்கு அடுத்த வரியில் முன்னறிவிப்பு நாள்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.